10 ரூபாய் நாணய உயரத்தில் ஒரு சாமுராய்: பொழுதுபோக்குக்கு சம்பளத்தில் எவ்வளவு ஒதுக்கலாம்?

வீடியோவில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போன கணக்கை இங்கே நிதானமாகப் போட்டுப் பார்க்கலாம், வாங்க.

ஒரு 10 ரூபாய் நாணயத்தை எடுத்து மேசை மேல நிமிர்த்தி நிறுத்துங்க. அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். மேசையில் ஆடும் சாமுராய் சண்டை விளையாட்டுகளில் ஒரு வீரனின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 28 மி.மீ. அளவு என்று சொல்லி விற்பார்கள். கவசம், கொம்பு வச்ச தலைக்கவசம், முதுகில் சின்னக் கொடி, இடுப்பில் ரெண்டு வாள், எல்லாம் அந்த நாணய உயரத்துக்குள்ளேயே இருக்கும். நாமே ஒட்டி, நாமே பெயின்ட் அடிச்சு, நண்பரோட படைக்கு எதிரா களத்தில் இறக்கணும்.

அழகான பொழுதுபோக்கு, சந்தேகமே இல்லை. போனை ஓரமா வச்சுட்டு ரெண்டு மணி நேரம் கையும் கண்ணும் ஒரே இடத்தில் இருக்கும் வேலை இந்தக் காலத்தில் அபூர்வம். ஆனா முதல் வேலையில் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனவருக்கு இது எவ்வளவு சுலபமா கடனாக மாறும் என்பதும் நமக்குத் தெரிஞ்சிருக்கணும். "வாங்காதீங்க"ன்னு சொல்ல வரலை. எப்படி வாங்கினா சம்பளம் தாங்கும் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதல்ல விளையாட்டைப் புரிஞ்சுக்குவோம்

போர் விளையாட்டு என்றதும் நூறு நூறாகப் பொம்மை வேணும்னு நினைக்காதீங்க. இவை சிறு மோதல் விளையாட்டுகள். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர் போதும், சில ஆட்டங்களுக்கு அஞ்சாறு பேரே போதும். ஆஸ்ப்ரே பதிப்பகம் 2013ல் வெளியிட்ட 'ரோனின்' அப்படி ஒரு விதிப்புத்தகம். எந்தக் கம்பெனி பொம்மை வச்சிருந்தாலும் அதை வச்சு ஆடலாம். 2017ல் வார்லார்ட் கேம்ஸ் கொண்டுவந்த 'டெஸ்ட் ஆஃப் ஹானர்' தொடக்கப் பெட்டியில் 35 பிளாஸ்டிக் உருவங்கள் இருந்தன.

இந்த ஆட்டங்களில் ஒரு விஷயம் நம்ம பாடத்துக்கு ரொம்பப் பொருந்தும். படை சேர்க்கும்போது உங்களுக்கு ஒரு புள்ளி வரம்பு உண்டு. நல்ல சாமுராய்க்குப் புள்ளி அதிகம். ஈட்டி பிடிக்கும் சாதாரணக் காலாட்படை வீரன், ஜப்பானியர் 'அஷிகரு' என்று சொல்வது, அவனுக்குப் புள்ளி கம்மி. ரெண்டு பெரிய வீரர்களை எடுத்தால் மிச்சத்துக்கு ஆள் இருக்காது. அஷிகருவாகவே எடுத்தால் தலைவன் இல்லாமல் படை கலையும். வரம்பைத் தாண்ட முடியாது, கடன் வாங்க முடியாது. மேசையில் இந்த ஒழுங்கை மதிக்கிற அதே ஆள், பொம்மை வாங்கும் தளத்தில் வரம்பே இல்லாமல் கூடையை நிரப்பினால் எப்படி?

சாமுராயும் சம்பளக்காரர்தான்

சினிமாவில் சாமுராய் வாளோடு வருவார். ஆவணங்களில் பார்த்தா அவர் பெரும்பாலும் மாதக் கடைசியில் தவிக்கிற நம்மைப் போன்ற ஆள்.

தோக்குகாவா ஆட்சிக் காலத்தில், அதாவது 1600க்குப் பிறகு நாடு அமைதியான நூற்றாண்டுகளில், ஷோகனின் நேரடி ஊழியர்களான சாமுராய்கள் பலருக்குச் சம்பளம் அரிசியாக வந்தது. அளவு 'கொக்கு' கணக்கில். ஒரு கொக்கு சுமார் 180 லிட்டர், எடையில் ஏறக்குறைய 150 கிலோ. ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிடும் அரிசி என்று வச்சுக்கிட்ட அளவு அது. சம்பளம் வருஷத்துக்கு மூணு தவணை. வந்த அரிசியில் வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் காசாக்கணும்.

அதைச் செஞ்சு கொடுக்க எடோ நகரத்தில், இன்றைய டோக்கியோவில், 'ஃபுதசாஷி' என்ற தரகர்கள் இருந்தார்கள். 1724ல் 109 பேர் கொண்ட அவர்களது சங்கத்தை அரசே அங்கீகரித்தது. ஆரம்பத்தில் அரிசியை வாங்கி விற்றுத் தருவதற்குக் கமிஷன் மட்டும்தான். அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? "அடுத்த தவணை அரிசியை அடகாக வச்சு இப்பவே காசு தர்றேன்" என்று ஆரம்பித்தார்கள். அடுத்த தவணை வந்தால் பாதி வட்டிக்குப் போகும். திரும்பக் கடன். அப்புறம் அதற்கடுத்த தவணையும் அடகுக்குப் போகும்.

1789ல் மத்சுதைரா சதனோபு என்ற தலைமை அமைச்சர் ஒரு உத்தரவு போட்டார். 1784க்கும் அதற்கு முன்னும் வாங்கிய கடன்கள் ரத்து, பின்னால் வாங்கியவற்றைக் குறைந்த வட்டியில் தவணையாகக் கட்டலாம். கடன் தள்ளுபடிதான். சந்தோஷமா? தரகர்கள் புதுக்கடன் தருவதை நிறுத்தினார்கள். கடனை நம்பியே மாதம் ஓட்டிப் பழகியவர்களுக்குத் தள்ளுபடிக்குப் பிறகும் சிக்கல் தீரவில்லை. வரவுக்கும் செலவுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அப்படியே இருந்ததுதானே காரணம். கடைசியில் 1876ல் அரசு அந்தப் பரம்பரைச் சம்பளத்தையே நிறுத்தி, பதிலுக்குக் கடன் பத்திரம் கொடுத்துக் கணக்கை முடித்தது.

சம்பள நாளுக்கு முன்னாடியே சம்பளத்தைக் கொடுக்கிற ஆப்கள், கிரெடிட் கார்டு, இப்போ வாங்கி அப்புறம் கட்டு, எல்லாம் பெயர் மாறிய ஃபுதசாஷிதான். அந்த சாமுராயோட பொம்மையை வாங்க அதே வழியில் போகாம இருப்போம்.

மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு கணக்கு

நீங்க மங்கலம்பேட்டைக்காரர்னு வச்சுக்குவோம். விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் உள்ள பேரூராட்சி. வேலை நெய்வேலிப் பக்கம், தினமும் போய் வர்றீங்க. பி.எஃப். பிடித்தம் போக கைக்கு வருவது 28,000 ரூபாய். கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. நீங்க வாங்கும் பெட்டிக்கு ஏற்ப மாற்றிக்கோங்க, முறை மட்டும் மாறாது.

• வெளிநாட்டுக் கடையில் 35 உருவம் உள்ள பெட்டி: 4,000 ரூபாய்
• அங்கிருந்து அனுப்பும் செலவு: 1,200 ரூபாய்
• சுங்க வரி, ஜிஎஸ்டி சேர்த்து 40 சதவீதம் என்று வைத்தால்: 2,080 ரூபாய்
• வெளிநாட்டுப் பணத்தில் கட்டியதற்கு கார்டு எடுக்கும் 3.5 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும்: சுமார் 215 ரூபாய்
• பெயின்ட், ரெண்டு பிரஷ், அடிப்பூச்சு ஸ்பிரே, பசை, கட்டர்: 2,500 ரூபாய்

கூட்டினால் 9,995. பத்தாயிரம் என்றே வச்சுக்கலாம். விலைப்பட்டியலில் 4,000 என்று பார்த்த பொருள், விளையாடும் நிலைக்கு வரும்போது 10,000. உங்க ஒரு மாத சம்பளத்தில் மூணில் ஒரு பங்குக்கும் மேல்!

வரி விஷயத்தில் அசட்டையா இருக்காதீங்க. பொம்மைகளுக்கான அடிப்படை சுங்க வரியை 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60க்கும், 2023 பட்ஜெட்டில் 70க்கும் உயர்த்தினார்கள். உங்க பார்சலை எந்தப் பிரிவில் வகைப்படுத்துகிறார்கள், கூரியரா தபாலா, இதையெல்லாம் பொறுத்து பில் மாறும். வீட்டு வாசலில் கூரியர் பையன் வரித்தொகையைக் கேட்டு நிற்கும்போது அதிர்ச்சி அடையாமல் இருக்க, ஆர்டர் போடுகிற நாளில் இருக்கும் விகிதத்தைப் பார்த்து அந்தத் தொகையைத் தனியா எடுத்து வச்சுக்கோங்க.

ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு?

பொழுதுபோக்குச் செலவை விலையை மட்டும் வச்சு அளக்கக்கூடாது. எத்தனை தடவை பயன்படுத்தினோம் என்று வகுத்துப் பார்க்கணும்.

மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு ஆடினால் வருஷத்துக்கு 24 ஆட்டம். 10,000ஐ 24ஆல் வகுத்தால் ஓர் ஆட்டத்துக்கு 417 ரூபாய். ரெண்டு பேர் ஆடுறதால ஆளுக்கு 208. ஒரு சினிமா, பாப்கார்ன், பெட்ரோல் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றும் அதிகமில்லை. ரெண்டாவது வருஷம் அதே படையை வச்சு ஆடினா இன்னும் பாதியாகும்.

நாலே தடவை ஆடிட்டு பெட்டியை அலமாரி மேல ஏத்திட்டீங்கன்னா? ஓர் ஆட்டம் 2,500 ரூபாய்.

இங்கேதான் மங்கலம்பேட்டை மாதிரி ஊரில் ஒரு தனிச்சிக்கல். பெருநகரத்தில் என்றால் பலகை விளையாட்டு ஆடும் கூட்டம், கஃபே என்று ஏதாவது இருக்கும், எதிராளி கிடைப்பார். நம்ம ஊரில் எதிராளியையும் நாமதான் உருவாக்கணும். அதனால் வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி "என்கிட்ட காசு இருக்கா?" இல்லை. "என்கூட ஆட யார் இருக்கா?" தம்பியோ, மச்சானோ, கூட வேலை பார்ப்பவரோ, ஒருத்தர் கிடைச்சாச்சுன்னா ரெண்டு பெட்டி வேண்டாம். ஒரே பெட்டியை ரெண்டாகப் பிரிச்சு செலவையும் பாதியாக்குங்க. பக்கத்துக்குப் பத்து என்றால் 20 உருவம்தான் வேணும். 35ல் 15 மிச்சம்.

கார்டில் தேய்த்தால் என்ன ஆகும்?

அந்த 10,000ஐ கிரெடிட் கார்டில் போட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வர்றீங்கன்னு வைங்க. மாதத்துக்கு 3.5 சதவீத வட்டி, அந்த வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டி. சேர்த்தால் 4.13 சதவீதம். 10,000 ரூபாய்க்கு மாசம் 413 ரூபாய். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க. ஓர் ஆட்டத்தின் செலவு 417. அதாவது பெட்டியைத் திறக்காவிட்டாலும் மாசா மாசம் ஓர் ஆட்டத்தின் காசை வங்கி ஆடிட்டுப் போகுது.

"நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கே?" என்பீங்க. விற்பவர் அந்த வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார், சரி. ஆனா வட்டிப் பகுதிக்கான ஜிஎஸ்டியும், பல வங்கிகளில் செயலாக்கக் கட்டணமும் உங்க தலையில்தான் விழும். அதைவிடப் பெரிய பிரச்சினை, அடுத்த ஆறு மாசச் சம்பளத்தில் ஒரு துண்டு இப்பவே போயாச்சு. அடுத்த தவணை அரிசியை அடகு வச்ச மாதிரி.

கொலுப்படி சொல்லும் வேகம்

பொம்மை சேர்ப்பது நமக்குப் புதுசு இல்லை. நம்ம கடலூர் மாவட்டத்திலேயே பண்ருட்டியும் வண்டிப்பாளையமும் கொலு பொம்மைக்குப் பெயர் போன இடங்கள். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ் ஏறினால் வரும் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்றது. பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிறுவனமும் அங்கே இருக்கிறது.

கொலு வைக்கும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது சேரணும். முப்பது வருஷம் கழிச்சுப் பார்த்தா ஒன்பது படி நிறைஞ்சிருக்கும். யாரும் அதுக்குக் கடன் வாங்கினதில்லை. நவராத்திரி முடிஞ்சதும் பழைய துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிப் பத்திரமா டிரங்குப் பெட்டிக்குள் போகும், அடுத்த வருஷம் அதே பொம்மை திரும்ப வரும். பழசு எல்லாம் வெளியே வந்து படியில் நின்ற பிறகுதான் எங்கே இடம் காலியாக இருக்குன்னே தெரியும்.

சுவாரசியம் என்னன்னா, ஜப்பானிலும் இதே மாதிரி உண்டு. மார்ச் 3ஆம் தேதி ஹினா மத்சுரி விழாவில் பெண் குழந்தைகளுக்காகப் படிப்படியாக பொம்மை அடுக்குவார்கள். மே 5ஆம் தேதி ஆண் குழந்தைகளுக்கு வீட்டில் சாமுராய் பொம்மையும் தலைக்கவசமும் வைப்பார்கள்.

இந்த வேகத்தை நம்ம படைக்குக் கொண்டுவந்தா எப்படி இருக்கும்? கணக்கு இது. ஒரு உருவத்துக்குப் பெயின்ட் அடிக்க ரெண்டு மணி நேரம் என்று வைப்போம். 35 உருவத்துக்கு 70 மணி. ஞாயிறுதோறும் நாலு மணி நேரம் உட்கார்ந்தாலும் 18 ஞாயிறு, அதாவது நாலு மாசத்துக்கும் மேல். வாங்க ஒரு நிமிஷம், முடிக்க நாலு மாசம்! இந்த இடைவெளியில்தான் அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று உள்ளே நுழையும். பெயின்ட் அடிக்காத பிளாஸ்டிக் குவியல் இந்தப் பொழுதுபோக்கில் உலகம் முழுக்க இருக்கிற நோய்.

அதனால் விதி: கையில் இருப்பதில் பெயின்ட் அடிச்சு, களத்தில் இறக்கி, மூணு ஆட்டம் ஆடி முடிக்கும்வரை அடுத்தது கிடையாது.

கம்மியில் ஆரம்பிக்க நாலு வழி

1. காகிதப்படை. சாமுராய் படத்தைக் கெட்டி அட்டையில் பிரிண்ட் போட்டு, மடிச்சு நிறுத்துங்க. ஜெராக்ஸ் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் இருபது பேர் படை. மூணு ஆட்டம் ஆடிப் பாருங்க. பிடிக்கலையா, ஐம்பது ரூபாயோடு போச்சு.

2. சின்ன அளவு. 1/72 அளவு பிளாஸ்டிக் வீரர்கள் சுமார் 24 மி.மீ. உயரம் இருப்பார்கள். ஸ்வெஸ்டா கம்பெனி இந்த அளவில் சாமுராய் வீரர்களைத் தயாரித்திருக்கிறது. 28 மி.மீ. பெட்டியோடு தலைக்கு விலை ஒப்பிட்டுப் பாருங்க.

3. த்ரீடி பிரிண்ட். வடிவக் கோப்பை வாங்கி உள்ளூரில் பிரிண்ட் போட்டால் பார்சல் சுங்கத் தொல்லை இல்லை. இதற்காக பிரிண்டரையே வாங்கிடாதீங்க. அது தனிப் பொழுதுபோக்கு, அதற்குத் தனி பட்ஜெட் வேணும். ரெசின் வகை என்றால் கையுறை, காற்றோட்டம் எல்லாம் கட்டாயம்.

4. களம் உள்ளூரில். வீரர்களுக்கு நடுவே வீடு, கிணறு, பாறை, கல்விளக்கு எல்லாம் வேணும். இதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவே வேண்டாம். தெர்மாகோல், ஐஸ்கிரீம் குச்சி, ஆற்று மணல் போதும். விருத்தாசலத்தில் கிடைக்கும் சின்ன பீங்கான் சாமான்களும் களத்தில் அழகா உட்காரும்.

"அப்போ சாமுராயையே பீங்கானில் செஞ்சு வாங்கலாமே?" நல்ல யோசனைதான், ஆனா வேலைக்கு ஆகாது. பீங்கான் பொம்மை செய்ய, கூழ் மாதிரி கரைச்ச களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, அச்சின் ஓரத்தில் ஓடு மாதிரி படியும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, காயவச்சு, சூளையில் சுடணும். காயும்போதும் சுடும்போதும் உருவம் சுருங்கும். கையளவு பிள்ளையாருக்கு அது தாங்கும். தீக்குச்சியைவிட மெல்லிசான ஈட்டியும் வாளும் ஒடிஞ்சுபோகும். கனமான உருவங்களுக்கு ஏற்ற பொருளை அதற்கு மட்டும் பயன்படுத்துவோம்.

"இது ஒரு இன்வெஸ்ட்மென்ட் தானே ப்ரோ?"

இல்லை. இதைத் தெளிவா வச்சுக்கோங்க. தயாரிப்பு நின்னுபோன பொம்மைக்கு யாரோ எங்கேயோ நல்ல விலை கொடுத்திருக்கலாம். உங்ககிட்ட இருப்பதை விற்கணும்னா, அதே விளையாட்டு தெரிஞ்ச, அதே அளவைச் சேர்க்கிற, நீங்க அடிச்ச பெயின்ட் பிடிச்ச ஒருத்தர் வேணும். விருத்தாசலம் சுற்றுவட்டாரத்தில் அவரைத் தேடிப் பாருங்க! தங்கம் என்றால் அடகுக்கடை இருக்கு, மியூச்சுவல் ஃபண்ட் என்றால் விற்கும் பொத்தான் இருக்கு. இதுக்கு ரெண்டும் இல்லை.

இது செலவு. சந்தோஷத்துக்காகச் செய்யும் செலவு. அதை அப்படியே ஒத்துக்கிட்டா எவ்வளவு செலவு செய்யலாம்னு நேர்மையா முடிவு பண்ண முடியும். முதலீடுன்னு பெயர் வச்சாதான் வரம்பு உடையும்.

இந்த மாசமே செய்ய வேண்டியது

முதல்ல அவசரகால நிதி. மூணு மாச வீட்டுச் செலவு கையில் இல்லைன்னா காகிதப்படையோடு நில்லுங்க. விளையாட்டு அதே விளையாட்டுதான், விதியும் அதேதான்.

அது இருந்தா, கைக்கு வரும் சம்பளத்தில் 3 சதவீதத்தைப் பொழுதுபோக்கு வரம்பா வைங்க. 28,000க்கு 840 வரும், 800 என்று எடுத்துக்கலாம். வங்கியில் 12 மாச ஆர்.டி. ஒன்று 800 ரூபாய்க்கு ஆரம்பிங்க, சம்பளம் வந்த மறுநாளே பிடிக்கிற மாதிரி. வட்டி 6.5 சதவீதம் என்று வைத்தால் வருஷக் கடைசியில் ஏறக்குறைய 9,940 ரூபாய். நாம போட்ட முழுச் செலவும் கிட்டத்தட்ட அங்கேயே இருக்கு. கூட்டாளி பாதி போட்டால் ஆறு மாசத்திலேயே பெட்டி வாங்கிடலாம்.

அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காகிதப்படை ஆடட்டும். எந்த வீரன் உங்களுக்குப் பிடிக்கும், வில்லா ஈட்டியா, எத்தனை பேர் போதும், எல்லாம் அந்த மாசங்களில் தெரிஞ்சுடும். அப்புறம் வாங்குகிற பெட்டி தேவையான பெட்டியா இருக்கும்.

சாமுராய்தான் வேணும்னு இல்லை. கேமரா லென்ஸ், மீன் தொட்டி, சைக்கிள், கிட்டார், உங்க பொழுதுபோக்கு எதுவோ அதை எடுத்துக்கோங்க. முழுச் செலவு, ஒரு தடவைக்கான செலவு, கூட யார் இருக்கா, எத்தனை மாச ஆர்.டி., இந்த நாலு வரியை ஒரு தாளில் எழுதிப் பாருங்க. எழுதி முடிச்சபிறகும் ஆசை இருந்தா தாராளமா வாங்குங்க. சந்திப்போம்!